கடலுக்கு ஒரு கோடு, மலைக்கு ஒரு கோடு: மஞ்சள் சிட்டியில் டர்பன் பயணம்

முதல் நாள்: வியாழக்கிழமை, ஏப்ரல் 17

விடியற்காலை நான்கரை மணிக்குச் சோக்கை முழுதாக இழுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். மூன்றாவது முயற்சியில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். ஏப்ரல் நடுவிலேயே அதிகாலைக் குளிர் விரல்களைக் கடிக்கத் தொடங்கிவிடுகிறது. கார்புரேட்டர் வைத்த பழைய வண்டிக்கு அந்த நேரத்தில் சற்றுப் பொறுமை காட்டியே ஆக வேண்டும். என் மனைவி முன்னிருக்கையில் சாப்பாட்டுப் பையுடனும், பன்னிரண்டு வயது மகன் பின்னிருக்கையில் குறிப்பேட்டுடனும் அமர்ந்தபின், ஈஸ்டர் விடுமுறைக்காக டர்பனை நோக்கிப் புறப்பட்டோம்.

எங்களுடையது 1992-இல் பதிவான மஞ்சள் நிற ஃபோக்ஸ்வேகன் சிட்டி கோல்ஃப். 1.6 லிட்டர் எஞ்சின். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த லெனேசியாவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடமிருந்து வாங்கினேன். கோயம்புத்தூரிலிருந்து வேலைக்காக இந்நாட்டுக்கு வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. இங்கே என் பெயரில் முதன்முதலாகப் பதிவான வண்டி இதுதான்.

நம்மூரில் மாருதி 800 எப்படியோ, தென்னாப்பிரிக்காவில் சிட்டி கோல்ஃப் அப்படி. மாருதி 800 1983-இன் இறுதியில் வந்து 2014-இல் நின்றது. சிட்டி கோல்ஃப் 1984-இல் வந்து 2009 ஆகஸ்டில் நின்றது. 1974-இல் ஐரோப்பாவில் வெளியான முதல் தலைமுறை கோல்ஃபை இத்தாலிய வடிவமைப்பாளர் ஜ்யோர்ஜெட்டோ ஜுஜாரோ வரைந்தார். ஜெர்மனியில் இரண்டாம் தலைமுறை வந்ததும் அந்த வடிவம் ஓய்வு பெற்றது. இங்கோ புதிய வண்டியின் விலை பலருக்கு எட்டாது என்பதால், பழைய வடிவத்தையே சில மாற்றங்களுடன் மலிவாகக் கட்டிக்கொண்டே இருந்தார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் என்ற மூன்று நிறங்களில் அது அறிமுகமாயிற்று. கடைசி ஆயிரம் வண்டிகளுக்கு ஒன்று முதல் ஆயிரம் வரை எண் இட்டு விற்றார்கள். இருபத்தைந்து ஆண்டுகளில் மூன்றே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்டவை கிழக்கு கேப் மாகாணத்திலுள்ள யூட்டன்ஹேக் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தன. 1951 ஆகஸ்டு 31 அன்று முதல் பீட்டில் கார் உருண்டு வந்ததும் அதே தொழிற்சாலையிலிருந்துதான். அந்த ஊருக்கு இப்போது கரியேகா என்று பெயர்.

மகனின் குறிப்பேடு இந்தச் சிட்டிகளுக்கானது. செல்லும் வழியிலும் ஊருக்குள்ளும் நம் வண்டியின் உறவினர்களைக் கண்டு எழுதிவைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அதற்குச் சில நெறிகளையும் வகுத்திருக்கிறோம். வண்டியின் முழு எண்ணை எழுதுவதில்லை. எண் பலகையில் ஊரைக் காட்டும் எழுத்துகளை மட்டும் எழுதுவோம். உரிமையாளர் அருகில் இருந்தால் முதலில் வணக்கம் சொல்லி, அனுமதி கேட்டபின்பே வண்டியை நெருங்குவோம். எவரையும் பின்தொடர்ந்து செல்வதில்லை. அடுத்தவர் வண்டியின் மீது கை வைப்பதில்லை. இந்தக் கடைசி நெறி மிக முக்கியமானது என்று நான் கருதுகிறேன். ஒருவர் தம் வண்டியை எத்தனை மணி நேரம் துடைத்து மெருகேற்றியிருக்கிறார் என்பது பார்ப்பவருக்குத் தெரியாது.

அடையாளம் காண்பதற்கும் பயிற்சி வேண்டும். தொலைவில் வரும் வண்டி 1984-க்கு முந்தைய அசல் கோல்ஃபா, பிந்தைய சிட்டியா என்பதைப் பெரும்பாலும் முகத்தைப் பார்த்தே சொல்லலாம். முந்தையதன் முன்கிராதி நேராக நிற்கும். பிற்காலச் சிட்டிகளின் கிராதி சற்றே பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். பக்கவாட்டில் பார்த்தால், பின்கதவைத் தாண்டிய தூணில் ஹாக்கி மட்டை வளைந்ததுபோல் ஒரு மடிப்பு தெரியும். அதுவும் சிட்டிக்கே உரிய அடையாளம். நிறுத்தியிருக்கும் வண்டியாக இருந்தால் கண்ணாடி வழியே டேஷ்போர்டைப் பார்க்கலாம். வட்டமான, புதிய பாணியில் இருந்தால் அது 2004-க்குப் பிந்தையது. அது ஸ்கோடா ஃபாபியாவிலிருந்து எடுத்தது. முன்பாதி கோல்ஃப், பின்பாதி சரக்குப் பெட்டி என்று இருந்தால் அது கேடி. இங்குள்ளவர்கள் அத்தகைய வண்டியைப் ‘பக்கி’ என்கிறார்கள்.

என்-3 நெடுஞ்சாலையில் டர்பன் வரை ஏறக்குறைய 570 கிலோமீட்டர். ஈஸ்டருக்கு முந்தைய வியாழன் என்பதால் சாலை நிரம்பியிருந்தது. இந்நாட்டுச் சாலைகளில் ஓர் அழகிய பழக்கம் உண்டு. மெதுவாகச் செல்பவர் இடப்புற மஞ்சள் கோட்டைத் தாண்டி ஒதுங்கி வழி விடுவார். முந்திச் சென்றவர் நான்கு விளக்குகளையும் இரண்டு முறை மினுக்கி நன்றி சொல்வார். வழி விட்டவர் ஹெட்லைட்டை ஒரு முறை அடித்து, பரவாயில்லை என்பார். சிட்டி உரிமையாளர்களிடையே இதற்கு மேலும் ஒரு சொல் உண்டு. எதிரே வரும் சிட்டிக்கு, காரணம் எதுவும் இல்லாமலேயே ஒரு டிம்-டிப். ஹாரிஸ்மித் வருவதற்குள் ஆறு வண்டிகளுக்கு அடித்தேன். நான்கு வண்டிகள் பதில் சொல்லின. வெள்ளை நிறக் கேடி ஒன்றை ஓட்டி வந்த முதியவர் கண்ணாடியை இறக்கிக் கையையே வெளியே நீட்டிக் காட்டினார். மகன் அவருக்குத் தன் குறிப்பேட்டில் ஒரு நட்சத்திரம் இட்டான்.

வான் ரீனன் கணவாயில் இறங்கும்போது டிராகன்ஸ்பர்க் மலைகள் வலப்புறம் நீல நிறத்தில் நீண்டு கிடந்தன. அங்கிருந்து குவாசூலு-நட்டால் மாகாணம் தொடங்குகிறது. எண் பலகைகளில் ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌதெங் மாகாணத்தின் ஜி.பி. குறைந்து என்.டி., என்.பி. என்ற எழுத்துகள் கூடின. என்.டி. டர்பனையும் என்.பி. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கையும் குறிக்கும். 2023 டிசம்பரில் மாகாண அரசு புதிய எண்முறையைக் கொண்டு வந்துவிட்டதால், புதிய பலகைகளில் இசட்.என். என்ற மாகாண அடையாளம் மட்டுமே இருக்கிறது, ஊர் தெரிவதில்லை. வண்டிகளைப் பார்த்து மகிழும் எங்களைப் போன்றவர்களுக்கு அது உண்மையான இழப்பு. ஒரு வண்டி எந்த ஊரில் பிறந்து எந்த ஊருக்குப் பிழைக்கப் போனது என்ற கதையை அந்த இரண்டு எழுத்துகள் சொல்லிக்கொண்டிருந்தன.

மாலை நான்கு மணிக்கு டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதிக்கு வந்து சேர்ந்தோம். என் அலுவலக நண்பரின் பெற்றோர் வீட்டில் தங்குகிறோம். அந்த வீட்டுக்கு ஏறும் செங்குத்தான தெருவில், ஆக்சிலரேட்டரை அழுத்தியபோது, எஞ்சினுக்குள்ளிருந்து தகர டப்பாவில் சரளைக் கற்களைப் போட்டுக் குலுக்கியதுபோல் ஒரு சத்தம் வந்தது. நெடுஞ்சாலையில் அது வரவில்லை. இரவெல்லாம் அதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள்: பெரிய வெள்ளி, ஏப்ரல் 18

டர்பனுக்குத் தெற்கே, இசிபிங்கோ ரெயில் என்னும் இடத்திலுள்ள மாரியம்மன் கோயிலுக்கு ஈஸ்டர் விடுமுறையில் நாடெங்கிலுமிருந்து தமிழர்கள் வருகிறார்கள். அம்மனுக்குரிய திருவிழா கிறிஸ்தவர்களின் விடுமுறையோடு சேர்ந்து வருவது புதிதாக வருபவருக்கு வியப்பாக இருக்கும். 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் முதல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்து இறங்கியது முதல், கரும்புத் தோட்டங்களில் சேர்ந்தாற்போல் விடுப்புக் கிடைத்த நாள்களே வழிபாட்டு நாள்களாயின என்று பெரியவர்கள் சொல்கிறார்கள்.

காலை ஏழு மணிக்கே கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களும் புல்வெளிகளும் வண்டிகளால் நிறைந்துவிட்டன. மேல்சட்டைக்கு மேல் பளிச்சென்ற அங்கி அணிந்த காவல்காரர்கள் வண்டிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்கள். எங்கள் மஞ்சள் சிட்டியைக் கண்ட ஒருவர், நான் எதுவும் சொல்லாமலே, கடைசி வரிசைக்குக் கையைக் காட்டினார். அங்கே போய்ப் பார்த்தால் ஏற்கெனவே மூன்று சிட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. தற்செயலாக அமைந்ததா, அவருக்கு இதில் ஈடுபாடு உண்டா என்று கேட்பதற்குள் அவர் அடுத்த வண்டியை நோக்கி ஓடிவிட்டார்.

மொத்தமாகப் பார்த்தால் அங்கே டொயோட்டாக்களே அதிகம். கொரோல்லா, கான்குவெஸ்ட், டாஸ், ஹைலக்ஸ் என்று மூன்று தலைமுறைகளின் வண்டிகள் அருகருகே நின்றன. அதில் வியப்பில்லை. டொயோட்டாவின் தொழிற்சாலை பக்கத்திலேயே, ப்ராஸ்பெக்டனில் இருக்கிறது. இந்தப் பகுதியில் அங்கே வேலை பார்த்தவர் ஒருவரேனும் இல்லாத குடும்பத்தைக் காண்பது அரிது என்று எங்களுக்கு இடம் தந்த வீட்டுப் பெரியவர் சொன்னார். 2022 ஏப்ரலில் வந்த பெருவெள்ளம் அந்தத் தொழிற்சாலைக்குள்ளும் புகுந்து, மாதக்கணக்கில் உற்பத்தி நின்றிருந்தது.

வழிபாடு முடிந்து திரும்பியபோது, எங்கள் வண்டிக்கு அடுத்து நின்ற நீலச் சிட்டியின் கதவைத் திறந்து, கால்களை வெளியே தொங்கவிட்டு, ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். முன்கிராதியில் மலைவேம்புக் கொத்து ஒன்று செருகியிருந்தது. இங்கே வேப்பிலைக்குப் பதிலாக அதைத்தான் அம்மனுக்கு வைக்கிறார்கள். டேஷ்போர்டில் மஞ்சளும் குங்குமமும் படிந்து, துடைத்தும் போகாத ஒரு வட்டம் இருந்தது. நான் வணக்கம் சொன்னதும், என் தமிழைக் கேட்டு அவர் முகம் மலர்ந்தது.

“உட்காரு கண்ணு. நீ இந்தியாவா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “உன் வண்டியும் எங்க வண்டியும் ஒரு வயித்துப் பிள்ளைங்க மாதிரி நிக்குது பாரு” என்றார்.

அந்த வண்டியை 1986-இல் அவர் கணவர் வாங்கினாராம். கணவர் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர். அதற்கு முன் அந்த வீட்டில் யாரிடமும் வண்டி இருந்ததில்லை. வாங்கிய அன்று நேராக வீட்டுக்கு வராமல், கோயிலுக்கு ஓட்டிப்போய், நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிய பிறகுதான் தம்மை முன்னிருக்கையில் உட்கார வைத்தார் என்று அந்த ஆயா சொன்னார். கணவர் காலமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஆயாவுக்கு ஓட்டத் தெரியாது. பேரன் ஓட்டுகிறார், ஆயா பக்கத்தில் உட்கார்ந்து வருகிறார்.

பிறகு அவர் எங்களுக்கு ஒன்றைக் காட்டினார். ஓட்டுநர் பக்கக் கதவின் உட்புறத்தில், கை வைக்கும் இடத்தின் கறுப்பு உறை ஓரிடத்தில் மட்டும் தேய்ந்து, வெளுத்து, உள்ளங்கை அளவுக்குப் பள்ளமாகியிருந்தது. கண்ணாடியை இறக்கி முழங்கையை ஊன்றி ஓட்டுவது கணவரின் வழக்கமாம். பேரன் வண்டி முழுவதையும் புதுப்பித்திருக்கிறார். இருக்கை உறைகளை மாற்றியிருக்கிறார், பெயிண்ட் அடித்திருக்கிறார், பம்பர்கள் புதியவை. அந்தக் கதவு உறையை மட்டும் மாற்ற ஆயா விடவில்லை. “அது இருக்கட்டும்னு சொல்லிட்டேன்” என்றார்.

பல கண்காட்சிகளில், தொழிற்சாலையிலிருந்து அன்றுதான் வந்ததுபோல் மீட்டெடுத்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். அவற்றின் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆயினும் அந்த உள்ளங்கை அளவுப் பள்ளத்தின் முன் நின்ற நேரம்போல் வேறெந்த வண்டியின் முன்னும் நான் நின்றதில்லை. பக்கத்து வரிசையில் யாரோ ஹாரன் அடித்து வழி கேட்ட பிறகே நகர்ந்தேன். மகன் அன்று குறிப்பேட்டில் நிறத்தையும் எழுத்துகளையும் எழுதிவிட்டு, ‘கதவு’ என்று ஒரே ஒரு சொல்லைச் சேர்த்திருந்தான்.

மூன்றாம் நாள்: சனிக்கிழமை, ஏப்ரல் 19

சாட்ஸ்வர்த்தின் பங்களாதேஷ் சந்தைக்குச் சனிக்கிழமை விடியலிலேயே போய்விட வேண்டும். முருங்கைக்கீரை, பாகற்காய், கறிவேப்பிலை, பச்சை மிளகாய் என்று ஜோகன்னஸ்பர்க்கில் தேடி அலைய வேண்டிய எல்லாமே அங்கே தெருவோரத்தில் குவிந்து கிடக்கும். மனைவி அவற்றை நோக்கிப் போனார். நானும் மகனும் வண்டிகளைப் பார்த்தபடி சுற்றுத் தெருக்களில் நடந்தோம்.

நிறவெறி ஆட்சியின் குழுப் பகுதிச் சட்டத்தின்கீழ், நகரின் பல பகுதிகளிலிருந்து வெளியேற்றிய இந்தியர்களை 1960-களில் இங்கே குடியமர்த்தினார்கள். வேலை ஓரிடத்திலும் வீடு வேறிடத்திலும் ஆகிப்போனது. பழைய கோயில்களும் உறவினர் வீடுகளும் தொலைவாகின. ஊரோ முழுக்க மேடும் பள்ளமும். இத்தகைய இடத்தில் வண்டி என்பது ஆடம்பரமாக இருந்திருக்க முடியாது. சரிவான சந்துகளில், இரட்டை மாடி வீடுகளின் முன்பு, கையகல இடத்தில் எவ்வளவு நேர்த்தியாக வண்டியை நிறுத்துகிறார்கள் என்பதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அலுக்கவில்லை. 3.8 மீட்டர் நீளமே கொண்ட சிட்டி அந்த இடங்களுக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்துகிறது.

ஒரு வீட்டு வாசலில் சிவப்புச் சிட்டி ஒன்று பானெட் திறந்து நின்றது. அதன் மீது குனிந்திருந்தவருக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

“நேத்து கோயில்ல மஞ்சள் சிட்டி வெச்சிருந்தது நீதானே, தம்பி? ஜி.பி. நம்பர்?”

அவரும் கோயிலில் எங்கள் வண்டியைப் பார்த்து வைத்திருந்திருக்கிறார். நாங்கள் எண்ணிக்கொண்டு திரிந்த அதே வேளையில் எங்களையும் ஒருவர் எண்ணியிருக்கிறார் என்று அறிந்தபோது உள்ளம் நிறைந்தது. சந்தையருகே நிறுத்தியிருந்த வண்டியை எடுத்து வரச் சொன்னார். தெருவில் ஏறி வரும்போதே சரளைக்கல் சத்தம் அவர் காதில் விழுந்துவிட்டது. ஆயினும் அதைப் பற்றி அவர் முதலில் பேசவில்லை. முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரின் ஓரத்தில் விரலை மெல்ல ஓட்டிப் பார்த்தார். பெட்ரோல் மூடியைத் திறந்து கழுத்துப் பகுதிக்குள் டார்ச் அடித்தார். பிறகு பேட்டரியின் அடித்தட்டைப் பார்த்தார்.

“துரு இல்ல. ஜோபர்க் வண்டின்னா இதுதான். இங்க உப்புக் காத்து, தம்பி. எவ்வளவு பாத்துக்கிட்டாலும் அது உள்ள பூந்துடும்” என்றார்.

முப்பது ஆண்டுகள் ப்ராஸ்பெக்டனில் கொரோல்லாக்களைக் கட்டிய கை அவருடையது. மனைவிக்கு ஒரு கான்குவெஸ்ட் வைத்திருக்கிறார். அதையும் தாமே பராமரிக்கிறார். ஆனால் அவருக்கென்று வைத்திருப்பது இந்தச் சிவப்புச் சிட்டிதான். ஏன் என்று மகன் ஆங்கிலத்தில் கேட்டதற்கு, வேலையில் கட்டியது மற்றவர்களுக்கு, வீட்டில் கட்டுவது தனக்கு என்று பதில் சொன்னார்.

எங்கள் வண்டியின் சத்தத்துக்கான காரணத்தை அவர் சொன்ன முறையை முடிந்தவரை அப்படியே எழுத விரும்புகிறேன். உயரமான ஜோகன்னஸ்பர்க்கில் காற்று மெலிந்தது. சிலிண்டருக்குள் போகும் காற்று குறைவு. அதனால் பிஸ்டன் அழுத்தும்போது ஏற்படும் அழுத்தமும் குறைவு. பெட்ரோல் கலவை மெதுவாக எரிகிறது. ஆகவே அங்குள்ள மெக்கானிக்குகள் தீப்பொறியைச் சற்று முன்கூட்டியே விழும்படி அமைத்துவிடுகிறார்கள். பெட்ரோலும் அங்கே பெரும்பாலும் 93 ஆக்டேன்தான்; அந்த எண் கூடக் கூட, அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும் திறன் கூடும். அந்த உயரத்துக்கு அது போதும். அதே வண்டியை, அதே 93 பெட்ரோலுடன், கடல் மட்டத்துக்குக் கொண்டுவந்தால் அடர்த்தியான காற்று சிலிண்டரை நிறைக்கிறது. அழுத்தமும் வெப்பமும் கூடுகின்றன. முன்கூட்டியே விழும் பொறியால், பிஸ்டன் மேலே வந்துகொண்டிருக்கும்போதே எரிதல் உச்சத்தை நெருங்குகிறது. எஞ்சியிருக்கும் கலவை சுடருக்குக் காத்திராமல் தானாகவே வெடிக்கிறது. நான் கேட்ட சரளைக்கல் சத்தம் அதுதான். புதிய வண்டிகளில் உணர்வான்கள் இதைக் கேட்டுத் தாமே திருத்திக்கொள்ளும். நம் வண்டியில் கேட்க வேண்டியது நம் காது, திருத்த வேண்டியது நம் கை.

பதின்மூன்றாம் எண் ஸ்பேனரால், சிலிண்டர்களுக்குப் பொறியைப் பகிர்ந்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் பிடியைத் தளர்த்தினார். பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டை மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். திருப்பியது சில டிகிரிதான் இருக்கும். அதற்கு முன்பு அவர் செய்த ஒரு காரியம்தான் இந்தப் பயணத்தின் பரிசு. வீட்டுக்குள் குரல் கொடுத்துத் தம் பேத்தியிடமிருந்து சிவப்பு நகச்சாயப் புட்டி ஒன்றை வாங்கி, டிஸ்ட்ரிபியூட்டரின் அடிப்பகுதியும் எஞ்சினும் சேரும் இடத்தில் மெல்லிய கோடு ஒன்று இழுத்தார். திருப்பி முடித்தபின் எஞ்சின் பக்கத்தில் இன்னொரு கோடு.

“இது மலைக்கு, இது கடலுக்கு. ஊருக்குப் போறப்ப ஹாரிஸ்மித்ல நிறுத்தி, ஆறவிட்டு, மலைக் கோட்டுக்குத் திருப்பிக்க. லைட்டெல்லாம் வேணாம்.”

அவருடைய சிவப்பு வண்டியிலும் அதே இரண்டு கோடுகள் இருந்தன, நிறம் மங்கி. அவருடைய மகன் ஜோகன்னஸ்பர்க்கில் படித்த காலத்தில் மாதம் ஒரு முறை அந்த வண்டியிலேயே போய் வந்தாராம். பணம் கொடுக்க முயன்றேன், கையைத் தட்டிவிட்டார். நகச்சாயப் புட்டியையும் எங்களிடமே கொடுத்துவிட்டார். அடுத்த முறை பெட்ரோல் போடும்போது 95 போடச் சொன்னார். அன்று மாலையே போட்டேன். அதே செங்குத்துத் தெருவில் மூன்றாம் கியரில் ஏறினோம். சத்தமே இல்லை.

நான்காம் நாள்: ஞாயிற்றுக்கிழமை, ஏப்ரல் 20

மாலையில் உம்கெனி ஆறு கடலில் கலக்கும் ப்ளூ லகூனுக்குப் போனோம். குடும்பங்கள் வண்டிகளின் பின்கதவைத் திறந்து வைத்து, உள்ளே பிரியாணிப் பாத்திரமும் வெளியே மடக்கு நாற்காலியுமாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொரு வண்டியிலிருந்தும் ஒவ்வொரு பாட்டு.

இங்கே பார்த்தவை இளைஞர்களின் சிட்டிகள். தரையைத் தொடும் அளவுக்குத் தாழ்த்தியவை. ‘மேக்’ எனப்படும் அகன்ற அலாய் சக்கரங்கள் பூட்டியவை. பின்னிருக்கை இருந்த இடம் முழுவதும் ஒலிபெருக்கி வைத்தவை. மாற்றம் செய்யாத வண்டியே எனக்கு உயர்ந்தது என்ற எண்ணம் நீண்ட நாளாக எனக்கு உண்டு, இன்றும் உண்டு. ஆயினும் ஊதா நிறம் அடித்த சிட்டி ஒன்றின் எஞ்சின் அறையை அதன் இளம் உரிமையாளர் திறந்து காட்டியபோது, ஒவ்வொரு குழாயும் ஒவ்வொரு கம்பியும் கோயில் மாலை கட்டியதுபோல் ஒழுங்காக அமைந்திருப்பதைப் பார்த்தேன். அத்தனையும் தாமே செய்ததாகச் சொன்னார். அவருக்குத் தமிழ் பேச வராது. ஆனால் எங்கள் வண்டியின் இரண்டு கோடுகளைக் கண்டதும் “தாத்தா” என்ற ஒரு சொல்லைச் சொல்லிச் சிரித்தார். அவர் தாத்தாவும் அப்படித்தான் கோடு போட்டு வைத்திருந்தாராம்.

புதிய ஜி.டி.ஐ. கோல்ஃப்கள் கியர் மாறும் ஒவ்வொரு முறையும் ‘வ்ர்ர்-ஃபா’ என்று முழங்கிச் சென்றன. இங்கே அந்த வண்டிகளின் பெயரே அதுவாகிவிட்டது. இருட்டும் நேரத்தில் பழைய பி.எம்.டபிள்யூ 325ஐ.எஸ். ஒன்று மெதுவாக உள்ளே வந்தது. ‘கூஷேஷே’ என்று நாடே கொண்டாடும் வடிவம் அது. சுற்றியிருந்த பாட்டுகள் ஒவ்வொன்றாகத் தணிந்தன. அது நின்று எஞ்சின் அணையும்வரை எல்லோரும் அந்த ஒலியையே கேட்டார்கள்.

ஐந்தாம் நாள்: திங்கட்கிழமை, ஏப்ரல் 21

விடுமுறை முடிந்து மேட்டுநிலத்துக்குத் திரும்பும் கூட்டத்தைத் தவிர்க்க ஐந்து மணிக்கே கிளம்பினோம். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டி டவுன் ஹில் ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்ந்தபோதும் எஞ்சின் அமைதியாகவே இருந்தது. மூய் ரிவரைத் தாண்டியதும் வண்டியின் இழுவை சற்றுத் தளர்ந்தது. வான் ரீனனில் ஏறும்போது அது நன்றாகவே தெரிந்தது. கடலுக்கு அமைத்த பொறி மலைக்கு வந்துவிட்டது.

ஹாரிஸ்மித்தில் பெட்ரோல் நிலையத்தின் ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் திறந்து அரை மணி நேரம் ஆறவிட்டோம். சப்பாத்தியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டு முடித்து, ஸ்பேனரை எடுத்துப் பிடியைத் தளர்த்தினேன். மகன் டார்ச் பிடித்தான். டிஸ்ட்ரிபியூட்டரை மலைக் கோட்டுக்குக் கொண்டுவந்து இறுக்கிவிட்டு நிமிர்ந்தபோது, பின்னால் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபத்தைந்து வயதுக்கு மிகாத இளைஞர். நாலு வண்டிகள் தள்ளி வெள்ளைச் சிட்டி, என்.டி. எண். டர்பன் துறைமுகத்தில் வேலை பார்க்கிறார். ஈஸ்டருக்கு, அருகிலுள்ள மலைப்பகுதியான குவாகுவாவிலுள்ள தாய் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருக்கிறார். ஊருக்கு வரும்போதெல்லாம் வண்டி சோர்ந்துவிடுவதாகவும், கார்புரேட்டரை இரண்டு முறை கழுவிப் பார்த்தும் சரியாகவில்லை என்றும் சொன்னார். என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார்.

சாட்ஸ்வர்த்தில் கேட்டதை, கேட்ட அதே வரிசையில், அவருக்குச் சொன்னேன். மெலிந்த காற்று, அடர்ந்த காற்று, பொறி விழும் நேரம், 93, 95. அவர் குனிந்து எங்கள் வண்டியின் இரண்டு கோடுகளையும் நெடுநேரம் பார்த்தார். பிறகு தம் வண்டியின் பானெட்டைத் திறந்தார். இப்போது அவர் வண்டியில் பொறி அமைந்திருப்பது டர்பனுக்குரிய இடத்தில்; கடல் கோடு அதுதான். மலைக் கோட்டை அடுத்த முறை ஊருக்கு வரும்போது, டைமிங் லைட் வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

நகச்சாயப் புட்டியை மகன் கொண்டுவந்தான். கோட்டை நான் போடட்டுமா என்று கேட்டதற்கு, அந்த இளைஞர் தலையை ஆட்டிவிட்டு, தூரிகையைத் தாமே வாங்கிக்கொண்டார். துணியால் அந்த இடத்தைத் துடைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, மேலிருந்து கீழாக, ஒரே இழுப்பில் போட்டார். பிறகு சாயம் காயும்வரை இரண்டு வண்டிகளுக்கும் நடுவே நின்று பேசிக்கொண்டிருந்தோம். புட்டியில் இன்னும் பாதி இருந்தது. அதை அவரிடமே கொடுத்துவிட்டு வடக்கே திரும்பினோம்.